தில்லைநகரில் மேமோகிராம்: எக்ஸ்ரே ரூமுக்கு 5க்கு 5, ரிசப்ஷனுக்கு 1

ரிசப்ஷனைத் தாண்டி உள்ளே போய்விட்டால் நல்ல இடம். தாண்டுவதுதான் பெரும்பாடு.

சென்டரின் பெயரைப் போடப்போவதில்லை. போட்டால் முதல் திட்டு அந்த டெக்னீஷியன் பெண்ணுக்குத்தான் விழும், அங்கே உருப்படியாக வேலை பார்ப்பதே அவர்தான். திருச்சி தில்லைநகரில் குறுக்குத் தெருவுக்கு நாலு ஸ்கேன் சென்டர் இருக்கிறது, அதில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். நானும் அண்ணியும் மேமோகிராம், அதாவது மார்பக எக்ஸ்ரே, எடுத்துக்கொண்டோம், சித்தி துணைக்கு வந்தார். எனக்கு 46, அண்ணிக்கு 51, சித்திக்கு அறுபதைத் தாண்டிவிட்டது. இரண்டு பக்கமும் சேர்த்து ஆளுக்கு 2,200 ரூபாய். பில்லை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், பழைய வரி முறையில் கணக்குக் காட்டுகிறவர்கள் தடுப்புப் பரிசோதனை என்று 5,000 ரூபாய் வரை கழித்துக்கொள்ளலாம். ஜிபே எடுத்துக்கொண்டார்கள், ஆனால் அடித்துக் கேட்டால்தான் பில் வருகிறது.

இதோடு ஒரு பிங்க் பேக்கேஜும் விற்கிறார்கள். சுகர், தைராய்டு, கால்சியம், மேமோகிராம், கூடவே ஒரு டயட் ஆலோசனை. நாங்கள் அதை எடுக்கவில்லை. அதன் போஸ்டர்தான் எனக்கு முதல் எரிச்சல். வாசலில் ஆள் உயரத்துக்கு நிற்கிறது, ஷாம்பு விளம்பரத்தில் வருகிற மாதிரி இருபத்தைந்து வயசு வடநாட்டுப் பெண், நெஞ்சில் கை வைத்துக்கொண்டு சிரிக்கிறார். கீழே, '25 வயது முதல் அனைத்துப் பெண்களுக்கும். ஒரே ஸ்கேன், முழு நிம்மதி'. இரண்டு வரியும் தப்பு. 25 வயசில் ஒரு தொந்தரவும் இல்லாத பெண்ணுக்கு வழக்கமான மேமோகிராம் தேவையே இல்லை, அந்த வயசில் மார்பகத் திசு அடர்த்தியாக இருக்கும், படத்தில் எல்லாம் வெள்ளையாகத் தெரியும், கட்டி இருந்தாலும் கண்டுபிடிப்பது கஷ்டம். அமெரிக்காவில் 2024இல் வந்த பரிந்துரை 40 முதல் 74 வயது வரை இரண்டு வருடத்துக்கு ஒரு முறை என்கிறது. பிரிட்டனில் 50இல்தான் கூப்பிட ஆரம்பிக்கிறார்கள், அதுவும் மூன்று வருடத்துக்கு ஒரு முறை. அப்புறம் அந்த முழு நிம்மதி. மேமோகிராம் எட்டுப் புற்றுநோயில் ஒன்றைத் தவறவிடும் என்று அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கமே சொல்கிறது. நார்மல் என்று ரிப்போர்ட் வாங்கின பெண், நாலு மாதம் கழித்துக் கையில் ஏதோ தட்டுப்படும்போது 'அதான் எடுத்தாச்சே' என்று சும்மா இருந்துவிட்டால் இந்தப் போஸ்டர் எழுதினவர் பதில் சொல்வாரா?

நம் வீட்டுப் பெண்களிடம் இருக்கும் தப்பான நம்பிக்கைகளைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம், காசு வாங்கிக்கொண்டு புதுசாக ஒன்றை விதைக்கிறவர்களை யாரும் கேட்பதில்லை.

சரி, கதைக்கு வருகிறேன். அண்ணி அரசுப் பள்ளியில் பட்டதாரி ஆசிரியை. ஒவ்வொரு அக்டோபரும் பிள்ளைகளுக்கு ரோஸ் கலர் பேட்ஜ் குத்தி ஊர்வலம் விடுகிற ஆள். புற்றுநோய்க்கு ஏழு அறிகுறி சொல்லச் சொன்னால் எட்டு சொல்வார். ஆனால் தனக்கென்று ஒரு முறைகூடப் பார்த்துக்கொண்டதில்லை. கேட்டால் லீவு இல்லை என்பார், பரீட்சை என்பார், முழுப் பரீட்சை முடியட்டும் என்பார். விஷயம் தெரியாததால்தான் பெண்கள் வருவதில்லை, நோட்டீஸ் கொடுத்தால் வந்துவிடுவார்கள் என்று நினைக்கிறவர்கள் எங்கள் அண்ணியோடு ஒரு வாரம் இருந்து பார்க்கலாம்.

எத்தனை பேர் பார்த்துக்கொள்கிறார்கள் என்பதற்குக் கணக்கே இருக்கிறது. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் 30 முதல் 49 வயதுப் பெண்களிடம், வாழ்நாளில் ஒரு தடவையாவது மார்பகப் பரிசோதனை செய்துகொண்டீர்களா என்று கேட்டார்கள். இந்தியா முழுக்க ஆம் என்றவர்கள் 0.9 சதவீதம். தமிழ்நாட்டில் 5.6. மற்ற மாநிலங்களைப் பார்த்தால் நாம் பரவாயில்லை, அவ்வளவுதான், நூறு பேரில் ஆறு பேர்கூட இல்லை. இது மேமோகிராம் மட்டுமல்ல, கையால் தொட்டுப் பார்ப்பதையும் சேர்த்த கணக்கு. இன்னொரு பக்கம் 2022இல் மட்டும் இந்தியாவில் ஏறத்தாழ 1,92,000 பெண்களுக்குப் புதிதாக மார்பகப் புற்றுநோய், சாவு 98,000க்கு மேல்.

அண்ணியைக் கடைசியில் சம்மதிக்க வைத்தது என் மகள். நர்சிங் மூன்றாம் வருடம் படிக்கிறாள், புராஜெக்ட்டுக்காக ஒரு கேள்வித்தாளை வைத்துக்கொண்டு வீட்டில் இருக்கும் பெண்களை எல்லாம் துருவினாள். உங்களுக்கு இந்த நோய் வர வாய்ப்பு இருக்கிறது என்று நினைக்கிறீர்களா, வந்தால் எவ்வளவு மோசமாக இருக்கும், பரிசோதனையால் பலன் உண்டா, போகவிடாமல் தடுப்பது எது. இந்தக் கேள்விகளுக்கு ஒரு பூர்வீகம் இருக்கிறதாம். 1950களில் அமெரிக்க சுகாதாரத் துறை காசநோய்க்கு இலவச எக்ஸ்ரே எடுத்தது, வீட்டுப் பக்கத்துக்கே வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தியும் கூட்டம் சேரவில்லை. ஏன் வரவில்லை என்று ஹாக்பாம், ரோசன்ஸ்டாக் போன்ற உளவியல்காரர்கள் கேட்டுப்போனதில் பிறந்ததுதான் இந்தச் சட்டகம். 1984இல் விக்டோரியா சாம்பியன் என்ற நர்சிங் ஆய்வாளர் அதை மார்பகப் பரிசோதனைக்கு ஏற்ற கேள்வித்தாளாக மாற்றினார். மகள் இதையெல்லாம் சொல்லும்போது நான் பாதிதான் கேட்டேன். ஆனால் 'தடுப்பது எது' என்ற கேள்விக்கு அண்ணி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "தாலியைக் கழட்டச் சொல்வாங்களாமே" என்றார். எத்தனை வருடமாக லீவு, பரீட்சை என்று சொல்லிக்கொண்டிருந்தவர்!

உடனே சென்டருக்கு போன் போட்டேன். எடுத்த பெண், "எல்லா ஜுவல்சும் ரிமூவ் பண்ணிட்டுதான் வரணும் மேடம்" என்று வைத்துவிட்டார். தாலியும் கழற்ற வேண்டுமா என்று கேட்க நான் வாயைத் திறப்பதற்குள் லைன் கட். அந்த ஒரு போனோடு அண்ணி வர மாட்டேன் என்றுவிட்டார், மறுபடி வழிக்குக் கொண்டுவர மகள் பட்டபாடு தனி.

அங்கே போனதும் அடுத்த கூத்து. காத்திருக்கும் ஹாலில் நாற்பது பேர் இருக்கலாம். கர்ப்பிணிகள், முட்டிவலிக்காரர்கள், கூட வந்த வீட்டுக்காரர்கள். சுவரில் கருவின் பாலினம் தெரிவிக்கப்பட மாட்டாது என்ற போர்டு, அதற்குப் பக்கத்தில் சீரியல் ஓடும் டிவி. டிவியை மிஞ்சுகிற குரலில் ரிசப்ஷன் பெண், "பிரெஸ்ட் ஸ்கேன் வந்தவங்க யாரு? பிரெஸ்ட் ஸ்கேன்!" என்று கூப்பிடுகிறார். அண்ணி என் கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார், எழுந்திருக்க விடவில்லை. அண்ணன் மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிற நேரம் அது. தில்லைநகரில் எந்த ஹாலில் உட்கார்ந்தாலும் சொந்தத்தில் ஒருவராவது இருப்பார், 'பொண்ணோட அம்மாவுக்கு ஏதோ கேன்சர் சந்தேகமாம்' என்று ஒரு போன் போதும், ஜாதகம் திரும்பி வந்துவிடும். இது அண்ணியின் கற்பனை என்று நீங்கள் சொல்லலாம். எங்கள் தெருவிலேயே அப்படி ஒன்று நின்றுபோனது எனக்குத் தெரியும். டோக்கன் நம்பர் என்று ஒன்றைக் கையில் கொடுக்கிறார்கள், அதைச் சொல்லிக் கூப்பிட்டால் வாயில் முத்து உதிர்ந்துவிடுமா?

ஃபாரம் முழுக்க ஆங்கிலம். குடும்பத்தில் யாருக்காவது புற்றுநோய் இருந்ததா என்ற இடத்தில் அம்மா, அக்கா தங்கை, மகள் என்று மூன்று கட்டம்தான் போட்டிருக்கிறார்கள். அண்ணி மூன்றிலும் இல்லை என்று டிக் அடித்தார். 'எங்க வம்சத்துல யாருக்கும் கிடையாது' என்பதுதான் நம்மிடம் இருக்கும் பெரிய தைரியம், எனக்கும் அது உண்டு. ஆனால் பரம்பரையாக வருவது மொத்தத்தில் 5 முதல் 10 சதவீதம்தான். பெரும்பாலானவர்களுக்கு வம்சத்தில் யாருக்கும் இல்லாமலேதான் வருகிறது, அதனால் அந்தத் தைரியத்துக்கு அடிப்படையே இல்லை.

பணம் கட்டும்போது மொபைல் நம்பர் கேட்டார்கள். அண்ணி தன் நம்பரைச் சொன்னார். "சார் நம்பர் குடுத்துடுங்க மேடம், ரிப்போர்ட் அனுப்பறதுக்கு" என்று அந்தப் பெண் தானாக முடிவு செய்து, அண்ணனின் நம்பரை வாங்கிப் போட்டுக்கொண்டார். இதன் விளைவைக் கீழே சொல்கிறேன்.

இனி நல்ல பக்கம். எக்ஸ்ரே ரூம் சின்னது, ஏசி கொஞ்சம் அதிகம், கதவில் உள்தாழ்ப்பாள் இருக்கிறது, திரையும் இருக்கிறது. உள்ளே பெண்கள் மட்டும்தான். மாற்றிக்கொள்ளக் கொடுத்த கவுன் துவைத்து மடித்தது, முன்பக்கம் திறக்கிற மாதிரி. டெக்னீஷியனுக்கு இருபத்தைந்து இருபத்தாறு இருக்கும், புதுக்கோட்டைப் பக்கத்துப் பேச்சு. நான் முதலில் போனேன். "அக்கா, பவுடர் போட்டிருக்கீங்களா?" என்றார். போட்டிருந்தேன், யார்தான் போடாமல் வெளியே கிளம்புகிறோம். ஈர டிஷ்யூ கொடுத்து அக்குளையும் மார்புக்குக் கீழேயும் துடைக்கச் சொன்னார். பவுடர், டியோடரண்ட் துகள்கள் படத்தில், டாக்டர்கள் சந்தேகத்தோடு பார்க்கிற கால்சியம் புள்ளி மாதிரி தெரிந்து குழப்புமாம். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். நீங்கள் போவதாக இருந்தால் அன்றைக்குப் பவுடர் வேண்டாம், புடவையை விட இரண்டு துண்டு உடை வசதி. மாதவிலக்கு நிற்காதவர்கள் விலக்கு முடிந்த வாரத்தில் போங்கள், மார்பு இறுக்கமில்லாமல் இருக்கும், வலி குறையும்.

வலியைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். வலிக்கும். பொய் சொல்லப்போவதில்லை. கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் தகடு மேலிருந்து இறங்கி அழுத்துகிறது, போதும் என்று நினைக்கிற இடத்தில் நிற்காமல் இன்னும் கொஞ்சம் இறங்குகிறது, மூச்சைப் பிடிக்கச் சொல்கிறார், சில நொடிகளில் தகடு தானாக மேலே போய்விடுகிறது. ஒரு பக்கத்துக்கு இரண்டு படம், மேலிருந்து ஒன்று, சாய்வாக ஒன்று, ஆக மொத்தம் நாலு. சாய்வுப் படம்தான் கஷ்டம், கையைத் தூக்கி மெஷினைக் கட்டிப்பிடித்த மாதிரி நிற்க வேண்டும், அக்குள் வரைக்கும் விழ வேண்டும் என்பதால் விலா எலும்பில் விளிம்பு பட்டது. பிளட் டெஸ்ட்டுக்கு ஊசி குத்தும்போது கண்ணை மூடிக்கொள்கிற நானே பல்லைக் கடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். கதிர்வீச்சு பயம் இருக்கிறவர்களுக்கு, மொத்தமாகச் சுமார் 0.4 மில்லிசீவர்ட், மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் நாம் சும்மா இருந்தே இரண்டு மாதத்தில் வாங்குகிற அளவு.

அடுத்து அண்ணி. நானும் உள்ளேயே நிற்கலாமா என்று கேட்டேன், படம் எடுக்கும் நேரம் மட்டும் தடுப்புக்குப் பின்னால் வந்துவிடுங்கள் என்றார். அண்ணியின் கை தாலிக்கொடி மேலேயே இருந்தது. அந்தப் பெண் கழற்றுங்கள் என்று சொல்லவே இல்லை. "கழட்ட வேண்டாம்கா. படத்துல விழாம இருந்தா போதும்" என்று கொடியை மெதுவாக இழுத்து முதுகுப் பக்கம் விட்டு, தாலி இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் இருக்கும்படி வைத்து, கொடியின் மேல் மைக்ரோபோர் டேப் ஒரு துண்டு ஒட்டினார். அவ்வளவுதான். எத்தனையோ வருட லீவும் பரீட்சையும் ஒன்றரை இஞ்ச் டேப்பில் தீர்ந்தது. தாலி கழற்றக் கூடாது என்பது மூடநம்பிக்கையா இல்லையா என்று அங்கே யாரும் பட்டிமன்றம் நடத்தவில்லை. அதை அப்படியே விட்டுவிட்டு வேலை நடந்தது. இந்த விஷயத்தில் நூறு விழிப்புணர்வு ஊர்வலத்தை விட அந்தப் பெண்ணுக்கு அதிகம் தெரியும் என்பேன்.

இதே போல இன்னொன்று. ஃபாரத்தைப் பார்த்துவிட்டு, "அப்பா கூடப் பிறந்தவங்க யாருக்காச்சும் கட்டி, ஆபரேஷன், அந்த மாதிரி?" என்று பேச்சுவாக்கில் கேட்டார். அண்ணி யோசித்து, "அத்தை ஒருத்தங்க நாப்பது வயசுல போயிட்டாங்க, வயித்துல கட்டின்னு சொல்வாங்க, சினைப்பைன்னு ஞாபகம்" என்றார். பெண் வழியில்தான் இது வரும், அப்பா வழி கணக்கில் சேராது என்று அண்ணி நினைத்திருந்தார், சயின்ஸ் டீச்சர்! பிஆர்சிஏ மரபணுக்களில் கோளாறு இருந்தால் அது அப்பா மூலமாகவும் வரும், மார்பகம், சினைப்பை இரண்டுக்குமே அபாயத்தைக் கூட்டும். டெக்னீஷியன் அதை ஃபாரத்தின் ஓரத்தில் கையால் எழுதி டாக்டருக்கு அனுப்பினார். அந்த மூன்று கட்டத்தை அச்சடித்தவர்களுக்குத் தோன்றாதது.

இதற்குள் வெளியே சித்தி. துணைக்குத்தான் வந்தார், பேச்சு முழுக்க எதிர்க்கட்சி. "ஏண்டி, வேலியில போற ஓணானை எடுத்து மடியில விட்டுக்கிட்டு அப்புறம் குத்துதே குடையுதேன்னா?" என்று ஆட்டோவிலேயே ஆரம்பித்துவிட்டார். அவர் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். அவர் தலைமுறையில் 'அடையாறுக்குக் கூட்டிட்டுப் போயிருக்காங்க' என்றால் ஆள் திரும்பி வருவது சந்தேகம் என்று அர்த்தம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தன் தங்கை புற்றுநோயில் போனதைப் பார்த்துத்தான் அந்த அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கே பாடுபட்டார், 1954இல் அது தொடங்கியபோது வந்தவர்களில் பெரும்பாலோர் முற்றிப்போய் வந்தவர்களாகத்தான் இருந்திருப்பார்கள். முற்றிப்போய் வந்தவர்கள் செத்தார்கள், செத்ததைப் பார்த்தவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போனதால்தான் செத்தார்கள் என்று முடிவு கட்டினார்கள், அதனால் இன்னும் தாமதமாகப் போனார்கள். சித்தியின் மாமியாருக்குக் கட்டியில் ஊசி வைத்துப் பார்த்தார்கள், ஆறு மாதத்தில் போய்விட்டார், அதனால் 'கத்தியோ ஊசியோ பட்டா பரவிடும்' என்பது சித்திக்குக் கண்ணால் பார்த்த சாட்சி. ஊசி வைத்தபோதே நோய் எந்த நிலையில் இருந்தது என்று யாரும் சித்திக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

எங்களை விட்டுவிட்டு வெளியே வந்த டெக்னீஷியன், "நீங்க எடுத்துக்கலையாம்மா?" என்று கேட்க, "நாலு பிள்ளைக்குப் பால் குடுத்த உடம்பு இது, எனக்கு வராது" என்றார் சித்தி. நானாக இருந்தால் அதெல்லாம் சும்மா என்று சண்டைக்குப் போயிருப்பேன். அந்தப் பெண், "நல்லதுதாம்மா, பால் குடுத்தவங்களுக்குக் கொஞ்சம் கம்மிதான். ஆனா கம்மின்னா இல்லவே இல்லைன்னு இல்லையே" என்றார். அதுதான் சரி. 30 நாடுகளின் 47 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2002இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த கட்டுரையில், பன்னிரண்டு மாதம் பாலூட்டினால் அபாயம் 4.3 சதவீதம் குறைகிறது என்று போட்டிருந்தார்கள். நாலு பிள்ளைக்கு வருடக்கணக்கில் கொடுத்தவருக்கு அது நல்ல தள்ளுபடிதான், முழு விலக்கு இல்லை. 'வலியே இல்லையே' என்பது சித்தியின் அடுத்த வாதம். ஆரம்பத்தில் வரும் கட்டி பெரும்பாலும் வலிக்காது, இதையும் அந்தப் பெண்ணே சொன்னார். சித்தி அன்றைக்கு எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் திரும்பும்போது ஆட்டோவில் ஓணானைப் பற்றிப் பேசவும் இல்லை.

இப்போது ரிப்போர்ட். என்னுடையது பிரச்சினை இல்லை. அண்ணியின் படத்தில் சின்னதாக ஏதோ தெரிந்ததால் அன்றைக்கே அல்ட்ராசவுண்டும் பார்த்தார்கள், அதற்குத் தனியாகக் காசு. பார்த்த லேடி டாக்டர், சாதாரணக் கட்டி மாதிரிதான் இருக்கிறது, ஆறு மாதம் கழித்து ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று நிதானமாகச் சொன்னார், அண்ணியும் புரிந்துகொண்டு சமாதானமாகத்தான் கிளம்பினார். சாயங்காலம் ரிப்போர்ட் போனது அண்ணனின் வாட்ஸ்அப்புக்கு. பிடிஎஃப் ஒன்று, 'பை-ராட்ஸ் 3' என்று தடித்த எழுத்தில், அதன் கீழே ஆங்கிலத்தில் நாலு வரி, விளக்கம் கிடையாது. அண்ணன் 3 என்பதை மூன்றாவது ஸ்டேஜ் என்று எடுத்துக்கொண்டார். ஆபீசிலிருந்து அழுதுகொண்டே போன் செய்தார், அவர் அழுது நான் கேட்டது அப்பா போனபோதுதான். சென்டருக்குப் போன் போட்டால், "டாக்டர் கிளம்பிட்டாங்க சார், நாளைக்கு வந்து கேளுங்க". அந்த ராத்திரி அந்த வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. அண்ணியின் அம்மா, "இதுக்குத்தான் போகாதேன்னேன்" என்று தொடங்கி விடிய விடியப் புலம்பினாராம்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன், அந்த எண் நோயின் ஸ்டேஜ் அல்ல. படத்தைப் பார்த்தவர் எவ்வளவு சந்தேகப்படுகிறார் என்பதற்கு 0 முதல் 6 வரை போடும் எண். 1 என்றால் ஒன்றும் இல்லை, 2 என்றால் தீங்கில்லாத ஏதோ ஒன்று, 3 என்றால் அநேகமாகத் தீங்கில்லாதது, புற்றுநோயாக இருக்க 2 சதவீதத்துக்கு மேல் வாய்ப்பில்லை, எதற்கும் ஆறு மாதத்தில் ஒரு தரம் பாருங்கள் என்று அர்த்தம். 4, 5 வந்தால்தான் ஊசி வைத்துச் சோதிப்பார்கள். 0 என்றால் இன்னும் படம் வேண்டும் என்பது மட்டுமே. இதைத் தமிழில் ஐந்து வரியாக அடித்து ரிப்போர்ட்டின் பின்பக்கம் ஒட்டினால் தாளுக்கு எத்தனை பைசா ஆகும்? மகள்தான் வீடியோ காலில் மாமாவுக்கு விளக்கிச் சொல்லி ஒருவழியாக அடக்கினாள். நர்சிங் படிக்கிற பிள்ளை இல்லாத வீட்டில் என்ன செய்வார்கள்? அடுத்த ஆறாவது மாதம் அந்த வீட்டுப் பெண் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பாரா?

ஆக 1 மார்க் கொடுத்தது போதும் என்றே நினைக்கிறேன். அந்த 1 பில்லுக்காக.

அண்ணி அதே இடத்துக்குத்தான் திரும்பப் போகப்போகிறார். பழைய படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க அதே சென்டர் வசதி, அந்த டெக்னீஷியன் இருக்கிற நாளாகப் பார்த்துப் போவதாகத் திட்டம், ரிப்போர்ட் போகிற நம்பரை மாற்றச் சொல்லி நேரில் போய் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். வேறு இடம் போகிறவர்கள் பழைய சிடியைக் கேட்டு வாங்கிக்கொண்டு போங்கள், கேட்காமல் தர மாட்டார்கள்.

2,200 ரூபாய் இல்லாதவர்களுக்கும், மெஷின் என்றாலே பயப்படுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. நம் அரசுத் திட்டப்படி 30 முதல் 65 வயதுப் பெண்களுக்கு ஐந்து வருடத்துக்கு ஒரு முறை நர்சோ டாக்டரோ கையால் சோதித்துப் பார்க்க வேண்டும், ஆரம்ப சுகாதார நிலையத்தில் இதற்குக் காசு கிடையாது. கையால் பார்ப்பது என்ன பிரயோஜனம் என்று இளக்காரமாக நினைக்காதீர்கள். மும்பை டாடா மெமோரியல் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்காரர்கள் 1998இல் தொடங்கி ஒன்றரை லட்சம் பெண்களை இருபது வருடம் தொடர்ந்தார்கள். பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை கையால் சோதித்த குழுவில், 50 வயது தாண்டியவர்களிடம் மார்பகப் புற்றுநோய்ச் சாவு 30 சதவீதம் அளவுக்குக் குறைந்திருந்தது. அதற்குக் கீழே உள்ள வயதில் அப்படி ஒரு பலன் தெரியவில்லை என்பதையும் அவர்களே எழுதியிருக்கிறார்கள்.

சித்தி கடைசியில் அந்த வழியில்தான் போனார். மண்ணச்சநல்லூர் பக்கம் அவர் வீடு. மக்களைத் தேடி மருத்துவத்தில் மாதாமாதம் பிபி மாத்திரை கொண்டுவந்து கொடுக்கிற பெண், தெருக்காரர்தான், "புதன்கிழமை நர்ஸம்மா இருப்பாங்க, நானும் கூட வர்றேன் பெரியம்மா" என்று கூப்பிட்டிருக்கிறார். போய்விட்டு வந்துவிட்டார். எங்களுக்குச் சொல்லவே இல்லை, மாத்திரைக்காரப் பெண் வழியாகத்தான் தெரிந்தது. கேட்டால், "சும்மா மாத்திரைச் சீட்டு மாத்தப் போனேன்" என்கிறார். சரி, அப்படியே இருக்கட்டும்.

போகிறவர்களுக்குச் சில விவரம். காலை ஒன்பது மணிக்கு முன்னால் போனால் ஹாலில் கூட்டம் குறைவு, பெயரைக் கத்தினாலும் நாலு பேர் காதில்தான் விழும். டெக்னீஷியனுக்கு வாரத்தில் எந்த நாள் லீவு என்று போனிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். கார் நிறுத்த இடமே கிடையாது, ஸ்கூட்டர் என்றால் பின்பக்கச் சந்தில் விடலாம், ஆனால் அங்கே ஒரு டீக்கடைக்காரர் தன் இடம் என்று சத்தம் போடுவார், ஒரு டீ குடித்துவிட்டால் விட்டுவிடுவார்.